எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம்: வாயில் வராத நாளில் என்ன செய்வது?

விளக்குத்திரி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இத்தனை நாள் வாசித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். இன்றைக்கு ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்.

என் வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. டயாலிசிஸில் இருக்கிறார். எங்கள் ஊரிலிருந்து நாகர்கோவிலுக்கு வாரத்தில் மூன்று தடவை போய் வர வேண்டும். டயாலிசிஸ் செலவு முதலமைச்சர் காப்பீட்டில் கழிந்துவிடுகிறது. ஆட்டோ வாடகை, மாத்திரை, நின்றுபோன அவருடைய சம்பளம் எல்லாம் எங்கள் தலையில்தான். மகள் பிளஸ் டூ படிக்கிறாள்.

எங்கள் சபையார் நல்லவர்கள். வீட்டுக்கு வந்து ஜெபிக்கிறார்கள். கிளம்பும்போது மட்டும் எல்லாரும் ஒரே வசனத்தைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்: "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்." போன வாரம் ஒரு அக்கா, "நீ முறுமுறுக்கிறாய், அதனால்தான் ஆசீர்வாதம் தடைபட்டு நிற்கிறது" என்றார். அன்றைக்கு ராத்திரி முழங்கால் போட்டேன். ஸ்தோத்திரம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

மனசு ஒப்பாமல் ஸ்தோத்திரம் சொன்னால் கர்த்தரிடம் பொய் சொன்னதாக ஆகாதா? சொல்லாமல் இருந்தால் அது அவிசுவாசமா? பவுல் சிறையில் இருந்துகொண்டே சந்தோஷமாயிருங்கள் என்று எழுதினாரே, அவருக்கு மட்டும் எப்படி முடிந்தது?

எபிநேசர்74

சிஸ்டர், உங்கள் பாரம் எங்கள் பாரம். உங்களுக்காக இப்போதே ஜெபிக்கிறேன்.

என் அனுபவத்தில் சொல்கிறேன். சவூதியில் வேலை போய், நாலு மாதச் சம்பளமும் வராமல், அறையில் அரிசி தீர்ந்த நாள் ஒன்று உண்டு. அன்றைக்குக் குரலை உயர்த்தித் துதித்தேன். உணர்வு எதுவும் இல்லை. வாயால்தான் ஆரம்பித்தேன். அரைமணி நேரத்தில் மனசுக்குள் ஒரு பலம் வந்ததை மறுக்க முடியாது. 2 நாளாகமம் 20-ஐ வாசித்துப் பாருங்கள். யோசபாத் ராஜா சேனைக்கு முன்னால் பாடகர்களை நிறுத்தினார். அவர்கள் துதிக்கத் தொடங்கியபோதுதான் கர்த்தர் சத்துருக்களை முறியடித்தார். மனசு வரட்டும் என்று காத்திருந்தால் வராது. முதலில் வாய், அப்புறம் மனசு. இது பொய் இல்லை, கீழ்ப்படிதல்.

நைட்_டூட்டி

அக்கா, நான் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். எந்த ஊர் என்று வேண்டாம்.

வார்டில் ஜெபிக்க வருகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். நோயாளி ஒரு வார்த்தை பேசுவதற்குள் வசனம் சொல்லி, ஜெபித்து, ஆமென் சொல்லிக் கிளம்பிவிடுவார்கள். அவர்கள் போன பிறகு நோயாளி சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். வந்தவர்கள் மேல் கோபம் இல்லை, அன்போடுதான் வருகிறார்கள். ஆனால் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து "நேற்று ராத்திரி தூங்கினீர்களா?" என்று கேட்கிற ஒருவர் வந்தால் அந்த முகமே மாறிவிடும்.

நீங்கள் அழுததை ஜெபம் இல்லை என்று யார் சொன்னது? குழந்தை இல்லாத அன்னாள் சீலோவில் மனங்கசந்து மிகவும் அழுதாள். சத்தம் வெளியே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. ஏலி ஆசாரியனே அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். கேட்க வேண்டியவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

வேதபாட_சார்

மகளே, வயதில் மூத்தவன் என்ற உரிமையில் அப்படிக் கூப்பிடுகிறேன். பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பல வருடம் சபையில் பெரியவர்களுக்கு வேதபாட வகுப்பு எடுத்திருக்கிறேன். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குப் பதில் பிலிப்பியர் நிருபத்திலேயே இருக்கிறது. நாம் "சந்தோஷமாயிருங்கள்" என்கிற 4:4-ஐ மட்டும் காலண்டரில் அச்சடித்துத் தொங்கவிட்டுவிட்டு மற்றதை விட்டுவிடுகிறோம்.

பவுல் கட்டப்பட்டிருந்தார். தீர்ப்பு சாவா வாழ்வா என்று தெரியாது. அந்தக் காலத்து ரோமச் சிறையில் கைதியின் சாப்பாடு, துணி எல்லாம் பெரும்பாலும் வெளியே இருக்கிற சொந்தபந்தம் கொண்டுவந்தால்தான் உண்டு. பிலிப்பி சபை எப்பாப்பிரோதீத்து என்பவரிடம் காணிக்கை கொடுத்து அனுப்பியது. வந்த இடத்தில் அவர் சாகும் அளவுக்கு வியாதிப்பட்டார். பிழைத்தார். அதைப் பவுல் எப்படி எழுதுகிறார் பாருங்கள்: "துக்கத்தின்மேல் துக்கம் எனக்கு உண்டாகாதபடிக்கு" தேவன் இரங்கினார் என்கிறார். அந்த மனிதன் செத்திருந்தால் எனக்கு ஸ்தோத்திரமே என்று எழுதவில்லை. துக்கப்பட்டிருப்பேன், ஏற்கெனவே ஒரு துக்கத்தில்தான் இருக்கிறேன் என்று ஒளிக்காமல் சொல்கிறார். சந்தோஷமாயிருங்கள் என்று சொன்ன அதே கை, அதே கடிதத்தில் எழுதியது இது.

அடுத்து நாலாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதி. "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்" என்பது எல்லாருக்கும் மனப்பாடம். அதற்கு இரண்டு வசனம் தள்ளி, "நீங்கள் என் உபத்திரவத்தில் என்னுடனே உடன்பட்டது நலமாயிருக்கிறது" என்று எழுதுகிறார். பவுலுக்கு எப்படி முடிந்தது என்று கேட்டீர்கள். கிறிஸ்து பெலப்படுத்தினார், அதில் சந்தேகமே இல்லை. கூடவே, ஒருவன் ஊரிலிருந்து உயிரைப் பணயம் வைத்து மூட்டை தூக்கிக்கொண்டு வந்தான். இரண்டையும் சேர்த்துத்தான் அந்தக் கடிதத்தை வாசிக்க வேண்டும்.

எபிநேசர் தம்பி, நீங்கள் காட்டிய அதிகாரம் அருமையானது. ஆனால் பாடகர்கள் வருவது இருபத்தோராம் வசனத்தில். பன்னிரண்டாம் வசனத்தில் அதே யோசபாத், ஊர் முழுக்க, பெண்டு பிள்ளைகள் குழந்தைகள் எல்லாரும் நிற்கும்போது, எங்களுக்குப் பெலனில்லை, என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்கிறார். ராஜா அப்படிச் சொல்வது லேசான காரியமா? அந்த ஜெபத்தைத் தாண்டித்தான் பாட்டு வந்தது. இந்தச் சகோதரி இப்போது பன்னிரண்டாம் வசனத்தில் நிற்கிறாள். அங்கே அவளை நிற்கவிடுங்கள்.

எபிநேசர்74

சார், பன்னிரண்டாம் வசனத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு பயம். அழுகைக்கு இடம் கொடுத்துக்கொண்டே போனால் அங்கேயே தங்கிவிடுகிறோம். அப்பா இறந்த பிறகு என் அம்மா சபைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். யாராவது தைரியமாக "எழுந்திரு, துதி" என்று சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். 1 தெசலோனிக்கேயர் 5-இல் உள்ள "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்பது ஆலோசனை இல்லையே, கட்டளை அல்லவா?

வேதபாட_சார்

தம்பி, கட்டளைதான். ஆனால் ஒரு தனி ஆளின் காதில் ஓதிய கட்டளை இல்லை, ஒரு சபைக்கு மொத்தமாக எழுதியது. எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். பதினாறாம் வசனம் "எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்". அதற்கு இரண்டு வசனம் முன்னால், "திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள், எல்லாரிடத்திலும் நீடிய சாந்தமாயிருங்கள்." பதினாலைச் செய்யாமல் பதினாறையும் பதினெட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு நோயாளி வீட்டுக்குப் போக நமக்கு அதிகாரம் இல்லை.

உங்கள் அம்மா காரியம் மனசைத் தொட்டது. அவர்களோடு கூட உட்கார்ந்து அழ ஒருவர் இருந்திருந்தால் ஒருவேளை அவர்களாகவே எழுந்து வந்திருப்பார்கள். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

சங்கீதப் புத்தகத்தில் கணிசமான பங்கு புலம்பல். அவற்றில் பெரும்பாலானவை அழுது தொடங்கி, துதியிலோ நம்பிக்கையிலோ வந்து முடியும். 88-ஆம் சங்கீதம் மட்டும் அப்படிக்கூட முடிவதில்லை. சிநேகிதர் விலகிப்போனார்கள், அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று இருட்டிலேயே நின்றுவிடுகிறது. ஆனாலும் அதை யாரும் வேதத்திலிருந்து எடுத்துப்போடவில்லை. அப்படி ஒரு ஜெபத்தையும் தேவன் தம்முடைய புத்தகத்தில் வைத்துக்கொண்டார். அந்தச் சங்கீதத்தைப் பாடியவனும் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் தொடங்குகிறான். எழுந்துபோகாமல் அவரிடமே பேசிக்கொண்டிருக்கிறான். அது விசுவாசம் இல்லையென்றால் வேறு எது?

மட்டுறுத்துநர்

அற்புத சுகம், மருந்து சாப்பிடலாமா என்பது பற்றி வந்த பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். டயாலிசிஸை நிறுத்தும்படி யாரும் இங்கே யோசனை சொல்லக் கூடாது. அது உயிருக்கு ஆபத்து.

துறைக்காரன்

நான் கத்தோலிக்கன், தூத்தூர் பக்கம். இங்கே எழுதலாம்தானே?

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது எங்கள் கடற்கரை ஊர்களிலிருந்து விசைப்படகுகள் ஆழ்கடலில் கிடந்தன. என் சித்தப்பா மகன் ஒரு படகில் போயிருந்தான். வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. எத்தனையோ வீடுகளில் அதே கதைதான்.

அந்த நாட்களில் கோயிலில் ஜெபமாலை ஓயவில்லை. அதே நேரத்தில், டிசம்பர் முதல் வாரம், தேடுதலைத் தீவிரப்படுத்துங்கள் என்று கேட்டுக் கடற்கரை மக்கள் திரண்டு போய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். பெண்கள், கிழவிகள், கைக்குழந்தைக்காரிகள், குருக்கள் எல்லாரும் இருந்தார்கள். இரண்டும் ஒரே கூட்டம். ஜெபிக்கிறவர்களுக்குத் தண்டவாளத்தில் என்ன வேலை என்று அப்போது வெளியே சிலர் கேட்டார்கள்.

அப்போஸ்தலர் பணி 16-ஆம் அதிகாரத்தை எங்கள் ஊரில் ஒரு மறையுரையில் கேட்டதிலிருந்து எனக்கு அந்தக் கேள்வி உறுத்துவதில்லை. பிலிப்பியில் பவுலையும் சீலாவையும் அடித்து, காலைத் தொழுமரத்தில் மாட்டி வைத்தார்கள். நள்ளிரவில் பாடினார்கள், நிலநடுக்கம் வந்தது, அதுவரை எல்லாருக்கும் தெரியும். மறுநாள் காலையில் "போகலாம்" என்று அதிகாரிகள் ஆள் அனுப்பியபோது பவுல் போகவில்லை. விசாரணை இல்லாமல், ரோமக் குடிமக்களாகிய எங்களை ஊர் பார்க்க அடித்துவிட்டு இப்போது ரகசியமாக அனுப்பப் பார்க்கிறீர்களா, அவர்களே வந்து எங்களை வெளியே கூட்டிப் போகட்டும் என்றார். வந்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். ராத்திரி பாடினவரும் காலையில் நியாயம் கேட்டவரும் ஒரே ஆள். நன்றி சொல்கிறவன் அநியாயத்தை விழுங்க வேண்டும் என்று பவுலுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இன்னொன்று. அந்தச் சிறை அதிகாரி அந்த இரவிலேயே அவர்களுடைய காயங்களைக் கழுவினான் என்று எழுதியிருக்கிறது. பாடி முடித்த பிறகும் முதுகில் ரத்தம் இருந்தது. பாட்டு அதை ஆற்றிவிடவில்லை, ஒரு மனிதன் தண்ணீர் கொண்டுவந்து கழுவினான்.

அக்காவிடம் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. என் சித்தி வருடாவருடம் அவன் பெயரில் பூசைக்குக் கொடுக்கிறாள். அழுதுகொண்டேதான் கொடுப்பாள். கடல் மேல் கோபம், அரசாங்கத்தின் மேல் கோபம், சில நாள் ஆண்டவர் மேலும் கோபம். பூசைக்குப் போவதை மட்டும் அவள் நிறுத்தவே இல்லை.

இசைப்பலகை

எங்கள் சபையில் கீபோர்டு வாசிக்கிறேன். அறுப்பின் பண்டிகையில் வழக்கமாகப் பாடுகிற ஒரு ஜெர்மன் நன்றிப் பாட்டின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். துறைக்காரன் அண்ணன் எழுதியதைப் பார்த்ததும் சொல்லத் தோன்றியது.

எழுதியவர் மார்ட்டின் ரிங்கார்ட், சாக்சனியில் ஐலன்பர்க் என்ற ஊரில் போதகர். முப்பதாண்டுப் போர் 1618-இல் தொடங்கி 1648 வரை நடந்தது. மதில் உள்ள ஊர் என்பதால் அகதிகள் உள்ளே வந்து நிறைந்துவிட்டார்கள். 1637-இல் கொள்ளைநோய். உடன் ஊழியர்கள் செத்தும் ஊரைவிட்டுப் போயும், கடைசியில் அடக்க ஆராதனை நடத்த இவர் ஒருவர்தான் மிச்சம். ஒரே வருடத்தில் 4,000-க்கும் மேற்பட்டவர்களை அடக்கம் செய்தார் என்கிறார்கள். அதில் ஒருத்தி அவருடைய மனைவி.

ஆனால் அந்தப் பாட்டை அவர் கல்லறையில் நின்று எழுதவில்லை. வீட்டில் சாப்பாட்டு மேஜையில் சொல்கிற சின்ன ஜெபமாக எழுதினார். எனக்கு இது கதையை விடப் பெரிதாகத் தெரிகிறது. சாதாரண நாளில், சாதாரண ரொட்டிக்கு முன்னால் சொல்லிப் பழகிய வார்த்தை அது.

துறைக்காரன்

தம்பி, அந்தப் பாட்டின் முதல் வரிகள் சீராக்கின் ஞானம் 50-ஆம் அதிகாரத்தில் இருக்கின்றன. எங்கள் பைபிளில் உண்டு, உங்கள் பைபிளில் கிடையாது. எடுத்துப் படித்துப் பாருங்கள், இழப்பில்லை.

நைட்_டூட்டி

சாதாரண நாள் என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. விளக்குத்திரி அக்கா, அண்ணனுக்குக் கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து, போட்டிருப்பார்கள்தானே? அதன்மேல் விரல் வைத்தால் ஓர் அதிர்வு தெரியும். தினமும் அதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். எங்களிடம் வருகிற ஓர் அம்மா காலையில் எழுந்ததும் வீட்டுக்காரர் கையைத் தொட்டுப் பார்த்து, அதிர்வு இருந்தால் "இருக்கு, ஸ்தோத்திரம்" என்பாராம். அவ்வளவுதான் அவருடைய காலை ஜெபம். மீதி எல்லாம் பேருந்தில் என்றார். நோய்க்கு ஸ்தோத்திரம் சொல்ல அவருக்கு வரவில்லை, யாரும் கேட்கவும் வேண்டாம். அந்த அதிர்வுக்குச் சொல்ல வருகிறது.

அப்புறம், ஜெபிக்க வருகிறவர்கள் அந்தக் கையைப் பிடித்து அழுத்தக் கூடாது. கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

வேதபாட_சார்

நாங்கள் நெல்லைக்காரர்கள், அதனால் டோனாவூர் அம்மையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஏமி கார்மைக்கேல் வட அயர்லாந்தில் 1867-இல் பிறந்தவர். 1901-இலிருந்து டோனாவூரில் குழந்தைகளை எடுத்து வளர்த்தவர். 1931 அக்டோபர் 24-ஆம் தேதி களக்காட்டில், மருத்துவ ஊழியத்துக்காகத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு வீட்டைப் பார்க்கப் போனார். அங்கே வெட்டி வைத்திருந்த ஒரு குழியில் இருட்டில் விழுந்து கால் முறிந்தது. அதன் பிறகு 1951 ஜனவரியில் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருடம் பெரும்பாலும் தன் அறையில்தான், வலியோடு.

நோயாளிகளுக்கென்று அவருக்கு அனுப்பப்பட்ட ஆறுதல் புத்தகங்கள் சுகமாக இருப்பவர்கள் எழுதியவை என்று அவர் கண்டார். அவை அவரைத் தொடவில்லை. அதனால் படுத்திருக்கிறவர் படுத்திருக்கிறவர்களுக்கு எழுதுவதாக, தாமே படுக்கையிலிருந்து எழுதினார். 1933-இல் அது புத்தகமாக வந்தது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நம்மில் நடமாடுகிறவர்கள் ஸ்தோத்திரத்தைப் பற்றி நோயாளிக்குப் பாடம் எடுப்பதைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கலாம். அவர்கள் சொல்லும்போது நாம் கேட்கலாம். ஆபகூக் தீர்க்கதரிசி "அத்திமரம் துளிர்விடாமற்போனாலும்" என்று பாடியது தன் தொழுவத்தில் மாடு இல்லாமல் போவதைப் பற்றி. அயலான் தொழுவத்தைப் பார்த்து அவன் பாடவில்லை. மாடு போனவனுடைய வாயிலிருந்து வரும்போது அந்தப் பாட்டுக்கு இருக்கிற கனமே வேறு. நம் பங்கு தவிடு, வைக்கோல் கொண்டுபோய்க் கொடுப்பது.

எபிநேசர்74

சார், கடைசிப் பத்தியை இரண்டு தடவை வாசித்தேன். துதிக்குப் பலம் உண்டு என்பதில் நான் மாறவில்லை, அது என் வாழ்க்கையில் நடந்தது. ஆனால் அன்றைக்கு அந்த அறையில் என்னைத் துதிக்கச் சொல்லி யாரும் நிர்ப்பந்திக்கவில்லை என்பதும் உண்மை. பக்கத்து அறை மலையாளி அண்ணன் மறுநாள் அரிசி கொண்டுவந்தார், அதை நான் சாட்சியில் சொல்வதே இல்லை. இனிமேல் சொல்வேன்.

சிஸ்டர், நானும் குமரி மாவட்டம்தான், இப்போது ஊரில் இருக்கிறேன். சொந்தமாக ஒரு கார் இருக்கிறது. டயாலிசிஸ் நாட்களில் ஒரு நாளாவது கூட்டிப் போய் வர முடியும். மட்டுறுத்துநர் வழியாக எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

விளக்குத்திரி

எல்லாருடைய பதிலையும் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். துறைக்காரன் தம்பி எழுதியதைக் கேட்டதும் அவர், "காயத்தைக் கழுவினது நம்ம லில்லி டீச்சர் மாதிரி" என்றார். பக்கத்து வீட்டு டீச்சர், எங்கள் மகளுக்குச் சாயங்காலம் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுக்கிறார்கள். அதை நான் உதவி என்றுதான் நினைத்திருந்தேன், ஜெபத்துக்குப் பதில் என்று நினைத்ததில்லை.

நைட்_டூட்டி, அந்த அதிர்வை நான் தினமும் தொட்டுத்தான் பார்க்கிறேன். பயத்தோடு தொடுவேன். இன்றைக்கும் பயத்தோடுதான் தொட்டேன். ஆனால் அந்த அம்மா சொன்னதைச் சொன்னேன். பொய்யாகத் தோன்றவில்லை.

இன்னும் அழுகை நிற்கவில்லை, சம்பளப் பிரச்சனையும் அப்படியே இருக்கிறது. 88-ஆம் சங்கீதத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். எபிநேசர் பிரதர், எண் கேட்டு எழுதிவிட்டேன். சனிக்கிழமைதான் எங்களுக்குக் கஷ்டம், அன்றைக்கு மகளுக்கு டெஸ்ட் இருக்கும்.

ஒரு சந்தேகம். பெண்கள் ஐக்கியத்தில் சொல்லலாம் என்று இருக்கிறேன். பார்க்க வருகிறவர்கள் இளநீரும் வாழைப்பழமும் ஆரஞ்சும் வாங்கி வருகிறார்கள். அவர் சாப்பிடக் கூடாது என்கிறார்கள். வேண்டாம் என்று சொன்னால் மனசு கஷ்டப்படுவார்களோ?

நைட்_டூட்டி

தாராளமாகச் சொல்லுங்கள் அக்கா. இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு மூன்றிலும் பொட்டாசியம் அதிகம், டயாலிசிஸ் நோயாளிக்கு இதயத் துடிப்பையே கெடுத்துவிடும். ஆப்பிள் என்றால் அளவோடு பரவாயில்லை. குடிக்கிற தண்ணீருக்கும் அளவு இருக்கிறது, அதனால் வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் கலக்கிக் கொடுக்கவும் வேண்டாம். எதுவானாலும் அங்கே டயட்டீஷியனிடம் ஒரு தடவை கேட்டு, எழுதி வாங்கி, ஐக்கியத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். பழம் வாங்குகிற காசை ஆட்டோவுக்குத் தரலாமே என்று நீங்கள் கேட்கக் கூச்சப்பட்டால், ஐக்கியச் செயலாளரைக் கேட்கச் சொல்லுங்கள்.

எபிநேசர்74

சனிக்கிழமை எனக்குச் சரிவரும். எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?